மடி உங்களுடையது, கேமரா யார் கையில்?

தம்பி, நீங்கள் எழுதியதன் சாரம் இதுதானே? கையில் கேனன் 1500டி. அதனுடன் வந்த 18-55, 55-250 என்று இரண்டு லென்ஸ். தை மாதத்தில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. காலையில் குலதெய்வக் கோவில், பிறகு வீட்டிலும் மாடிப் பந்தலிலும் விருந்து. ஒதுக்கிய பணம் 25,000 ரூபாய். கடைக்காரர் கேனனின் பழைய 75-300 லென்ஸ், ஒரு ஃபிளாஷ், ஒரு பை மூன்றையும் சேர்த்து ஒரு 'செட்' ஆக எடுத்து வைத்திருக்கிறார். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். அந்த மூன்றில் ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, ஒன்று உங்கள் கேமராவில் எரியாமலே போகலாம், மற்றொன்றைக் கடைசியாக வாங்க வேண்டும். நான் சொல்லும் வரிசை: முதலில் ஃபிளாஷ், அடுத்து ஒரே ஒரு லென்ஸ், எல்லாம் கைக்கு வந்த பிறகு பை. பலரும் லென்ஸிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கி, நான்கு லென்ஸ் சேர்த்த பிறகும் வீட்டு விசேஷப் படங்கள் மஞ்சளாகவும் மங்கலாகவும் வருவதைப் பார்த்து விழித்தவன்.

முதலில் அந்த 75-300. இந்த எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது நெருங்கித் தெரியும். உங்கள் 55-250 லென்ஸ் 250 மி.மீ. வரை போகிறது, இது 300 வரை. இந்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? பன்னிரண்டு அடி தூரத்தில் நின்று எடுப்பவர் இரண்டடி முன்னால் நகர்ந்தால் கிடைத்துவிடும். அதோடு 55-250இல் கைநடுக்கத்தைத் தாங்கும் வசதி உண்டு, 75-300இல் கிடையாது. இரண்டடி நடப்பதற்குப் பதிலாகப் பல ஆயிரம் கொடுத்து, இருக்கிற வசதியையும் விட்டுவிடுவதா? கடைக்காரருக்கு அந்தப் பெட்டி அலமாரியை விட்டுப் போனால் போதும். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் தொழில் அது.

இனி ஃபிளாஷ். உங்கள் கேமராவை எடுத்து, தலைப்பகுதியில் ஃபிளாஷ் செருகும் உலோகத் தடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிறிய புள்ளிகளாக நான்கு தொடுமுனைகள் தெரியும். பழைய கேனன் கேமரா ஒன்று கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அதில் நடுவில் பெரிய வட்டமாக இன்னொரு முனை இருக்கும். அந்த நடு முனை உங்கள் 1500டியில் இல்லை. 3000டியிலும், 200டி இரண்டாம் பதிப்பிலும் இல்லை. எந்த நிறுவனத்தின் ஃபிளாஷாக இருந்தாலும் 'இப்போது எரி' என்று சொல்லும் பொது முனை அது. பலத்தை நாமே கையால் வைக்க வேண்டிய, விலை குறைந்த மேனுவல் ஃபிளாஷ்கள் அந்த ஒரு முனையை நம்பித்தான் இருக்கின்றன. அவற்றை உங்கள் கேமராவில் மாட்டினால் கச்சிதமாக உட்காரும், விளக்கெல்லாம் எரியும், ஷட்டரை அழுத்தினால் மட்டும் ஊமையாக இருக்கும்.

நண்பர் ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். மூன்று முறை செல்களை மாற்றினோம், தடத்தை அழிப்பானால் தேய்த்தோம், ஃபிளாஷ் கெட்டுவிட்டது என்று முடிவே கட்டிவிட்டோம். வேறொரு கேமராவில் மாட்டியதும் பளிச்சென்று எரிந்தது. அப்போதுதான் குனிந்து தடத்தைப் பார்த்தோம்.

அதனால், கேனனின் மொழி பேசும் தானியங்கி ஃபிளாஷாகப் பார்த்து வாங்குங்கள். கேனனின் சொந்த ஃபிளாஷில் உங்கள் தடத்துக்குப் பொருந்துவது என்றால் கேள்வியே இல்லை, ஆனால் அந்த விலைக்கு உங்கள் பணத்தில் பெரும்பகுதி போய்விடும். கோடாக்ஸ் டிடி685 போன்ற ஒன்றில் கேனனுக்கான 'சி' வகையைக் கேளுங்கள். அதே நிறுவனத்தின் டிடி600 பாதி விலையில் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள், நான் சொன்ன ஊமை வகை அதுதான். வெளி நிறுவன ஃபிளாஷ்களில் பழைய மென்பொருளோடு கடையில் தூங்கிக்கொண்டிருந்தவையும் உண்டு. ஆகவே கேமராவைக் கையோடு எடுத்துப் போய், அங்கேயே மாட்டி, பத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தைக் கொடுக்க வேண்டும். உறவினர் வீட்டில் சும்மா கிடக்கும் மேனுவல் ஃபிளாஷ் இருந்தால் அதையும் தூக்கிப் போட வேண்டாம். டிடி600 போன்றவற்றில் எஸ்2 என்றொரு நிலை இருக்கிறது. அதில் வைத்து ஓரமாக ஒரு ஸ்டூலில் நிறுத்தினால், கேமராவின் உள் ஃபிளாஷ் மின்னும்போது அந்த ஒளியைப் பார்த்து அதுவும் சேர்ந்து மின்னும். முனையே தேவையில்லை.

உள் ஃபிளாஷே போதாதா என்று கேட்கலாம். ஃபிளாஷின் பலத்தை ஒரு எண்ணால் சொல்வார்கள். 1500டியின் உள் ஃபிளாஷுக்கு அது 9.2. இதை அப்பர்ச்சர் எண்ணால் (லென்ஸ் துளையின் அளவு; எண் சிறியதானால் துளை பெரிது) வகுத்தால், ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் அளவு) 100இல் எத்தனை மீட்டர் வரை வெளிச்சம் எட்டும் என்பது கிடைக்கும். எஃப்/5.6 என்றால் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல், அதாவது ஐந்தடி. ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் எட்டும் தூரம் இரட்டிப்பாகும். எட்டுவதுகூடப் பெரிதில்லை. அந்த வெளிச்சம் லென்ஸுக்கு நேர் மேலிருந்து முகத்தில் அறைகிறது. நெற்றி எண்ணெயும் மூக்குத்தியும் மின்னும், முகம் தட்டையாகும், பின்சுவரில் கரிய நிழல் ஒட்டிக்கொண்டு நிற்கும். குழந்தை கண்ணை மூடிக்கொள்ளும்.

வெளி ஃபிளாஷை வாங்குவது பலத்துக்காக மட்டுமல்ல, அதன் கழுத்துக்காக. தலையை மேலே திருப்பிக் கூரையில் அடித்தால் கூரை முழுவதும் ஒரு பெரிய விளக்காகிவிடும். அங்கிருந்து இறங்கும் ஒளி மென்மையாக எல்லார் மீதும் படரும். கொஞ்சம் பின்பக்கமாகவும் சாய்த்து, உங்கள் தலைக்குப் பின்னாலுள்ள வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்ப வைத்தால் கண்களுக்குக் கீழே விழும் நிழலும் குறையும். இதற்கு விலை உண்டு: ஒளி இரண்டு மடங்கு தூரம் போய்வந்தால் பலம் நாலில் ஒன்றாகிவிடும், கூரையும் தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கும். ஆகவே ஐஎஸ்ஓவை 800இல் வைத்துக்கொள்ளுங்கள். பத்தடி உயரமுள்ள வெள்ளைக் கூரைக்கு டிடி685 தாராளம். இரண்டு செல்லில் ஓடும் குட்டி டிடி350யும் ஒரு மாதிரி சமாளிக்கும், ஆனால் மூச்சு வாங்கும். அது அடுத்த மின்னலுக்குத் தயாராவதற்குள் குழந்தை அழுது முடித்துவிடும்.

மாடிப் பந்தலில் இந்த வித்தை செல்லாது. சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும் துணியில் அடித்தால் எல்லாருக்கும் மஞ்சள் காமாலை. அங்கே ஃபிளாஷை நேராகவே வைத்து, அதன் அளவை ஒன்றரைப் படி (ஸ்டாப்) குறைத்துக்கொள்ளுங்கள். வெயிலின் எதிரொளி பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். கண்குழி நிழலை லேசாகத் தூக்கிவிட்டால் போதும். சாதாரண நிலையில் 1500டி, ஷட்டர் வேகம் நொடியில் 200இல் ஒரு பங்கு வரைதான் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செல்களில் கஞ்சத்தனம் வேண்டாம். திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய நிக்கல் செல்கள் எட்டு, ஒரு நல்ல சார்ஜர். நான்கு உள்ளே, நான்கு சட்டைப் பையில். சாதாரண செல்லில் 1.5 வோல்ட் என்று எழுதியிருக்கும், இவற்றில் 1.2தான். இருந்தும் மின்சாரத்தை வேகமாக வெளியே விடுவதில் இவைதான் கெட்டிக்காரர்கள். பழைய ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் ஒன்று தாத்தாவின் பெட்டியில் கிடைத்தால், அதை யாருடைய டிஜிட்டல் கேமராவிலும் மாட்டிப் பார்க்காதீர்கள். அவற்றில் சில, தொடுமுனை வழியாக 200 வோல்ட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும்.

லென்ஸுக்கு வருவோம். வாங்குவதற்கு முன் ஒரு சின்ன வேலை. இதுவரை எடுத்த படங்களில் உங்களுக்குப் பிடித்த ஒரு நூறு படத்தைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றின் விவரத்திலும் எத்தனை மி.மீ. என்று இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானவை 18இல் குவிந்திருந்தால் உங்களுக்கு இடம் போதவில்லை என்று பொருள். 55இல் குவிந்திருந்தால் முகங்களைத் தேடுகிறீர்கள். நீங்கள் அனுப்பிய எட்டுப் படங்களில் ஆறு, பாட்டியும் குழந்தைகளும். எல்லாம் 55. ஆகவே என் பதில் கேனனின் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம்.

கையில் இருக்கும் 18-55இலேயே 50 இருக்கிறதே, எதற்கு இன்னொன்று? நீட்டிய நிலையில் உங்கள் லென்ஸ் எஃப்/5.6. புதியது எஃப்/1.8. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் இருக்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 6400இல் பொரிப்பொரியாக வரும் படம், இதில் 640 சுமாருக்கே வந்துவிடும். 1500டியின் இயல்பான உச்சமே 6400தான் என்பதை வைத்துப் பாருங்கள். கைநடுக்கத் தடுப்பு இருக்கிறதே என்பார்கள். அது உங்கள் கையைத்தான் நிறுத்தும், குழந்தையின் தலையை நிறுத்தாது. அதற்கு வேகமான ஷட்டர் வேண்டும், வேகமான ஷட்டருக்கு வெளிச்சம் வேண்டும். எடை 160 கிராம், கையில் ஒரு பெரிய எலுமிச்சைபோல இருக்கும். 35 செ.மீ. வரை நெருங்கலாம். 1990இல் வந்த இதன் முந்தைய வடிவமும் பழைய சந்தையில் சுற்றுகிறது. அதன் பின்வளையம் பிளாஸ்டிக், 45 செ.மீ.க்குள் நெருங்காது, ஃபோகஸ் செய்யும்போது தையல் மிஷின் சத்தம். கொஞ்சம் சேர்த்துப் போட்டு 2015இல் வந்த எஸ்டிஎம்மையே வாங்குங்கள்.

இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேமராவில் படத்தைப் பதியும் சென்சார், ஃபிலிமின் அளவைவிடச் சிறியது. அதனால் இந்த 50, ஃபிலிம் காலக் கணக்கில் 80 மி.மீ.போல நெருக்கிக் காட்டும். ஒரு ஆளை நெட்டுக்குத்தாக, தலை முதல் கால் வரை பிடிக்க வேண்டுமானால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பியும் பதினான்கு அடி பின்னால் போக வேண்டும். நம் வீட்டு அறையில் அந்தத் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர் வந்துவிடும். கூட்டமாக நிற்கும் படங்களுக்கு இருக்கவே இருக்கிறது 18-55. அதைக் கூரை ஃபிளாஷோடு பயன்படுத்தினால் எஃப்/4, 5.6 எல்லாம் ஒரு குறையே இல்லை.

இரண்டாவது குறை: எஃப்/1.8இல் தெளிவாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து முகத்தை எடுத்தால் முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஆறு சென்டிமீட்டர்தான் தெளிவு. மூக்கில் ஃபோகஸ் விழுந்தால் காது மங்கிவிடும். காதுகுத்துப் படத்தில் காது மங்கினால் எப்படி? ஆகவே அந்த நேரத்தில் எஃப்/4 வைத்து ஃபிளாஷை நம்புங்கள். ஃபோகஸ் புள்ளி ஒன்பதில் நடுப்புள்ளி ஒன்றைத்தான் மங்கலான இடத்தில் நான் நம்புவேன். அது மட்டும்தான் குறுக்கு, நெடுக்கு இரண்டு கோடுகளையும் பார்க்கும்.

24 மி.மீ. எஃப்/2.8 ஒன்று உண்டு, 125 கிராமில் தட்டையாக, பொத்தானைப்போல. அறைக்குள் எடுக்க அருமையான அகலம், அழகான பொருள். ஆனால் அதே 24இல் உங்கள் 18-55 ஏறக்குறைய எஃப்/4 தருகிறது, வெளிச்சத்தில் இரட்டிப்புதான் லாபம். 50இல் கிடைக்கும் பத்து மடங்கு எங்கே, இது எங்கே. பணம் மிஞ்சினால் அடுத்த வருடம். நிக்கான் வைத்திருக்கும் உங்கள் நண்பருக்கு மட்டும் என் பதில் மாறும். அவர் 35 மி.மீ. எஃப்/1.8 டிஎக்ஸ் வாங்கட்டும். அந்த விலையில் அப்படி ஒரு பொருள் கேனன் பக்கம் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையே உண்டு. அவருடையது டி3000 அல்லது டி5000 வரிசை என்றால், லென்ஸ் பெயரில் 'ஏஎஃப்-எஸ்' இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த உடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லாத பழைய 'டி' லென்ஸை மாட்டினால் கையால் திருக வேண்டியதுதான்.

பழையது வாங்கலாமா? தாராளமாக. எல்லாரும் உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத புதிய 'மிரர்லெஸ்' கேமராக்களுக்கு மாறிக்கொண்டிருப்பதால் நல்ல லென்ஸ்கள் சந்தைக்கு வருகின்றன. நாளை நீங்களும் மாறினால் கேனனின் இணைப்பு வளையத்தோடு இதே 50ஐ அதிலும் பயன்படுத்தலாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: செல்பேசி விளக்கை ஒரு பக்கம் சாய்வாகப் பிடித்து, மறுபக்கத்திலிருந்து லென்ஸுக்குள் பாருங்கள். தூசு இரண்டு துளி இருந்தால் கவலை இல்லை. சிலந்தி வலைபோல, அல்லது கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சையோ படலமோதான். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கும்பிட்டு வந்துவிடுங்கள்.

லென்ஸோடு யூவி ஃபில்டர் ஒன்றைக் கட்டாயம் போல மாட்டிவிடுவார்கள். மலிவான ஃபில்டரோடு குத்துவிளக்கை எடுத்துப் பாருங்கள். ஐந்து சுடருக்கும் எதிர்மூலையில் தலைகீழாக ஐந்து பேய்ச் சுடர்கள் மிதக்கும். எனக்கு ஃபில்டர் வேண்டாம். முன்னால் மாட்டும் நிழல்கூடு (ஹுட்) ஒன்று வாங்கினால் இடிபடுவதிலிருந்தும் காக்கும், பக்கவெயிலையும் தடுக்கும்.

பை. கேமரா உடல், மூன்று லென்ஸ், செல்லோடு ஃபிளாஷ் எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். அதற்கு இருபது லிட்டர் மலையேற்றப் பை வேண்டாம். விசேஷத்தில் ஓடியாடி எடுக்கத் தோளில் தொங்கும் பைதான் வசதி. முதுகுப்பையை ஒவ்வொரு முறையும் இறக்கித் திறப்பதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும். கூட்ட பஸ்ஸில் அதிகம் போகிறவர் என்றால் முதுகோடு ஒட்டும் பக்கத்தில் திறக்கும் முதுகுப்பை. எதுவானாலும் சாமான்களைக் கொண்டுபோய் உள்ளே அடுக்கி, ஜிப்பை ஒரு கையால் இழுத்துப் பாருங்கள். ஃபிளாஷ் படுத்த நிலையில் அடங்குகிறதா, தடுப்புகளை எடுத்து மாற்றி ஒட்ட முடிகிறதா, அடியில் மழையுறை மடித்து வைத்திருக்கிறதா, இவ்வளவுதான். கேமரா நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில் போட்ட இலவசப் பை, திருடனுக்கு அழைப்பிதழ்.

பை, தூக்கிப் போவதற்கு மட்டும். வைத்துப் பூட்டுவதற்கு அல்ல. ஓர் ஐப்பசி மழையில் நனைந்து வந்த பையை அப்படியே மரபீரோவில் வைத்துப் பூட்டினேன். பொங்கலுக்கு எடுத்தபோது என் முதல் 50இன் உள்கண்ணாடியில் வெள்ளை வேர்கள் ஓடியிருந்தன. நுரைத் திண்டு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், இருட்டும் காற்றில்லாமையும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இப்போது நான் வைத்திருப்பது, ரப்பர் விளிம்போடு இறுக மூடும் பெரிய பிளாஸ்டிக் சம்படம். உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. ஜெல்லின் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பித் தராதீர்கள். அரிசியில் புதைத்து வைக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அரிசி மாவு லென்ஸின் இடுக்கெல்லாம் புகுந்துவிடும்.

25,000க்குள் இவ்வளவும் அடங்கும் என்றுதான் நினைக்கிறேன். ஃபிளாஷும் 50உம் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும், பைக்கு மிஞ்சியதை வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சவில்லை என்றால் பழைய துண்டில் சுற்றிச் சாதாரணத் தோள்பையில் வைத்தாலும் காதுகுத்து நடக்கும்.

இதில் நீங்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது. அக்கா மகள் என்றால் நீங்கள் தாய்மாமன். ஆசாரி ஊசியை எடுக்கும்போது குழந்தை உங்கள் மடியில் இருக்கும். கேமரா வேறு யாரோ ஒருவர் கையில்தான் இருக்கப்போகிறது. ஆக, அந்த ஒரு நிமிடத்துக்கு 50 வேண்டாம், 18-55ஐ 35இல் நிறுத்தி வையுங்கள். மேனுவல் நிலையில் ஷட்டர் நொடியில் 160இல் ஒரு பங்கு, எஃப்/5.6, ஐஎஸ்ஓ 800, ஃபிளாஷ் தானியங்கியில், நடுப்புள்ளி ஃபோகஸ். கோவில் திறந்த மண்டபம் என்றால் வெளிச்சத்தைப் பார்த்து ஐஎஸ்ஓவைக் குறைத்துக்கொண்டு, ஃபிளாஷைப் பந்தலுக்குச் சொன்னது போல நேராகத் திருப்பி, அதே ஒன்றரைப் படி குறைத்து வைத்துவிடுங்கள். எடுக்கப்போகிறவர் சித்தப்பா மகனோ, கல்லூரி நண்பனோ, அவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையே கேமராவைக் கொடுங்கள். நீங்கள் பாயில் சம்மணமிட்டு, மடியில் தலையணையை வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஆசாரி உங்களுக்கு வலப்பக்கம் உட்காருவாரா இடப்பக்கமா என்று அக்காவிடம் கேட்டு, அவர் முதுகு மறைக்காத மூலையைத் தேடிப் பிடித்து, அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, படம் எடுப்பவரை அங்கிருந்து ஐம்பது படம் எடுக்கச் சொல்லுங்கள்.